இணைந்துவிட்டது!

2009 தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜலகண்டாபுரம். சேலத்திலிருந்து தாரமங்கலம் வழியாகப் போய் இறங்கினால், ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழும். விசைத்தறிச் சத்தம். அக்கா வீட்டை ஒட்டியே பட்டறை, எட்டுத் தறி. ஓடும்போது காபி வேண்டுமென்றால்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்த வருஷம் கரன்ட் கட் புண்ணியத்தில் அடிக்கடி நின்றது. நின்றால், திடீரென்று காதே போய்விட்ட மாதிரி ஒரு பயம் வரும்.

வீட்டில் ஒரு புது விருந்தாளி. சிங்கப்பூர் சித்தப்பா அக்கா பையனுக்கு அனுப்பிய கேம் கன்சோல். பையன் அப்போது பத்தாவது. டிவியில் மாட்டி ஒரு வாரமாகத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். இனி உலகத்தோடு சேர்ந்து ஓட்ட வேண்டுமாம். இன்டர்நெட் இருப்பது பட்டறைக்குப் பக்கத்து ஆபீஸ் ரூமில். டிவி இருப்பது முன்னறையில். நடுவே இரண்டு சுவர், ஒரு வாசல். ஒயர் இழுக்கலாம் என்றதற்கு அக்கா, "இப்பத்தான்டா பெயின்ட் அடிச்சோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதையும் சித்தப்பா முன்கூட்டியே யோசித்திருக்கிறார் போல. பார்சலில் ஒரு வயர்லெஸ் அடாப்டரும் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, பின்னால் வால் மாதிரி ஒரு யு.எஸ்.பி. ஒயர்.

"மாமா, நீங்கதான் கம்ப்யூட்டரப் பத்தியெல்லாம் எழுதறீங்கல்ல? மாட்டிக் குடுங்க மாமா."

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே நெட்வொர்க், டெபிட்டும் கிரெடிட்டும் எந்த இடத்தில் சந்திக்கும் என்பதுதான். ஆனாலும் பத்திரிகையில் நாலு கட்டுரை எழுதிவிட்டால் ஊரில் நாம் இன்ஜினீயர். மறுத்தால் மரியாதை என்னாவது? உட்கார்ந்தேன்.

மாட்டினேன். தேடியது. வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. முந்தின வருஷம் நானே ஜம்பமாக வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர் எல்லாம் கலந்து பதினெட்டு எழுத்து. அதை அடிக்க அங்கே கீபோர்டு கிடையாது. கார் ஓட்டுகிற அதே கைப்பிடியால் திரையில் வரைந்த எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து பொறுக்க வேண்டும். ஏ-யிலிருந்து எம்-முக்குப் போக ஆறு தடவை வலது பக்கம், ஒரு தடவை கீழே. பெரிய எழுத்து வேண்டுமென்றால் வேறொரு மூலைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அடித்தது சரியா என்று பார்க்கவும் முடியாது, எல்லாம் நட்சத்திரக் குறி. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் 'இணைக்க இயலவில்லை'. ஏன் இயலவில்லை? சொல்லாது. பாஸ்வேர்டு தப்பா, சிக்னல் போதவில்லையா, பூட்டு வகை புரியவில்லையா? எதற்கும் அதே ஒரு வரிதான்.

கூட வந்த காகிதத்தைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் பிரச்னைகளும் தீர்வுகளும். மூன்றாவது தீர்வு இதுதான்: ரவுட்டரில் பாதுகாப்பைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு முயன்று பாருங்கள்.

நீக்கினேன். முயன்றேன். 'இணைந்துவிட்டது!' என்று பச்சையில் ஒளிர்ந்தது. பையன் துள்ளினான். மச்சான் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாப்ளன்னா மாப்ளதான்" என்றார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். அந்தத் 'தற்காலிகமாக' இரண்டரை மாதம் நீடித்தது.

பில் வந்ததும்தான் தெரிந்தது. அது வரம்பில்லாத இன்டர்நெட் காலமல்ல. மாதத்துக்கு இத்தனை ஜி.பி. என்று அளந்து கொடுப்பார்கள், தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் மீட்டர் ஓடும். வழக்கமாக ஐந்நூறு சொச்சம் வருகிற வீட்டுக்கு நாலாயிரத்து எண்ணூறு. மச்சான் போனில் கேட்டார்: "ஏன் மாப்ள, இந்தப் பய கார்ல எங்கதான் போறான்? அமெரிக்காவுக்கா?"

உண்மையில் கேம் விளையாட அவ்வளவு டேட்டா செலவாகாது. ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். அந்த நேரத்தில் இணைந்திருந்தவை ஐந்து கருவிகள். நம்முடையது ஒன்று. மற்ற நாலும் தெருவோடது.

முதல் குற்றவாளி நான்தான், சந்தேகமே இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டேன், மச்சான் வாங்காமல் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டதும் நடந்தது. ஆனால், இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகச் செய்கிற வேலை விமரிசனம். சினிமாவுக்கு மார்க் போடுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக் கூடப் போடுகிறோம். காசு கொடுத்து வாங்குகிற கருவியோடு வருகிற அந்தக் காகிதத்தையும், திரையில் அது நம்மிடம் பேசுகிற பேச்சையும் யாரும் விமரிசிப்பதில்லை. நான் செய்கிறேன். தேறவில்லை.

காரணம், அந்தப் பச்சை விளக்கு. பூட்டியிருந்தாலும் 'இணைந்துவிட்டது', பூட்டாமல் வாசல் பப்பரப்பே என்று கிடந்தாலும் அதே 'இணைந்துவிட்டது', அதே ஆச்சரியக்குறி. பூட்டோடு முயன்றால் திட்டு, பூட்டை எடுத்தால் பாராட்டு. நாயைப் பழக்குகிற மாதிரி மனிதர்களைப் பழக்குகிறார்கள். 'உங்கள் நெட்வொர்க் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று ஒரு வரி, அதே திரையில், மஞ்சள் நிறத்தில் போட எத்தனை ரூபாய் செலவாகியிருக்கும்?

இது எங்கள் வீட்டு அடாப்டரின் தனிக்குணம் என்றால் விட்டுவிடலாம். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். வைஃபைக்கு முதலில் வந்த பூட்டின் பெயர் டபிள்யு.ஈ.பி. 1997-ல் வைஃபை தரநிர்ணயத்தோடேயே பிறந்தது. அதன் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு பொட்டலத்தையும் பூட்டும்போது வீட்டுச் சாவியோடு ஒரு டோக்கன் நம்பரைச் சேர்த்துக்கொள்ளும். டோக்கன் வெளிப்படையாகவே தெரியும். மொத்த டோக்கன்கள் 1 கோடியே 67 லட்சம் சொச்சம். கேட்கப் பெரிசாக இருக்கிறதல்லவா? சுறுசுறுப்பான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் தீர்ந்துபோய் மறுபடி முதலிலிருந்து வரும். அதைவிட மோசம், சில டோக்கன்கள் சாவியின் பல்வரிசையையே காட்டிக்கொடுத்தன. 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணக்குப்போட்டு நிரூபித்துவிட்டார்கள். 2003-ல் மாற்றுப் பூட்டாக டபிள்யு.பி.ஏ. வந்தது. 2004-ல் அதன் பலசாலித் தம்பி டபிள்யு.பி.ஏ.2. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆட்கள் பழைய பூட்டை ஒரு நிமிஷத்துக்குள் திறந்து காட்டினார்கள். நீங்கள் வீட்டுச் சாவியைப் பையில் தேடி எடுக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

சும்மா ஆராய்ச்சிக்கூடத்து வித்தை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற துணிக்கடைக் குழுமத்தில் 4.5 கோடிக்கும் மேற்பட்ட கார்டு நம்பர்கள் திருடு போனது 2007-ல் வெளியே வந்தது. திருடர்கள் 2005-ல் உள்ளே நுழைந்த வழி, ஒரு கடையின் வைஃபை. கதவில் தொங்கிய பூட்டு டபிள்யு.ஈ.பி.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது விளையாட்டுக் கம்பெனிகள் என்ன செய்தன? நின்டெண்டோவின் டி.எஸ். 2004 கடைசியில் வந்தது. அதாவது பழைய பூட்டு உடைந்து மூன்று வருஷம் கழித்து, புதுப் பூட்டு சந்தைக்கு வந்த பிறகு. அதற்குத் தெரிந்த ஒரே பூட்டு டபிள்யு.ஈ.பி. உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றவும் வழி வைக்கவில்லை. டி.எஸ். வகையறா மொத்தம் 15 கோடிக்கு மேல் விற்றது. இப்போது வீட்டுக் கணக்கைப் போடுங்கள். அந்தக்கால ரவுட்டர்களில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே பூட்டுதான். பையன் கையில் இருக்கும் குட்டிக் கருவிக்குப் புதுப் பூட்டு புரியாது. அதற்காக அப்பா ரவுட்டரையே பழைய பூட்டுக்கு இறக்குவார். அப்பாவின் லேப்டாப், அம்மாவின் பேங்க் கணக்கு, ஆபீஸ் ஈமெயில் எல்லாம் பொம்மைக்குப் புரிகிற பூட்டுக்குள் வந்துவிடும். வீட்டிலேயே பலவீனமான ஆள் எவரோ அவர்தான் மொத்த வீட்டுக்கும் பூட்டு வாங்குகிறார். 2008-ல் வந்த டி.எஸ்.ஐ.க்குப் புதுப் பூட்டு தெரியும். ஆனால் அதில் பழைய டி.எஸ். கேம்களைப் போட்டால் மறுபடி பழைய பூட்டேதான்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அதே காலத்துப் போட்டியாளர் சோனியின் பி.எஸ்.பி. அதுவும் பிறக்கும்போது டபிள்யு.ஈ.பி. மட்டும்தான் தெரிந்துகொண்டு பிறந்தது. 2005-லேயே ஒரு மென்பொருள் அப்டேட்டில் டபிள்யு.பி.ஏ.வைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். செய்தார்கள், செய்யவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

விலையையும் பேசிவிடலாம், வணிகவியல் படித்த பாவத்துக்கு. 2005-ல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360-ன் மலிவு மாடல் 299.99 டாலர். அதில் வைஃபை கிடையாது. வேண்டுமென்றால் தனி அடாப்டர், 99.99 டாலர். கன்சோலில் மூன்றில் ஒரு பங்கு விலை, ஒரு குட்டி ரேடியோவுக்கு! அடுத்த வருஷம் வந்த நின்டெண்டோ வீ-யில் வைஃபை உள்ளேயே இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு உள்ளே வைஃபை வர 2010 ஆயிற்று. நூறு டாலர் கொடுத்து வாங்கியவனுக்கு எப்படியாவது அது வேலை செய்தாக வேண்டும். பூட்டை எடுத்தால் வேலை செய்யும் என்றால் எடுத்துவிடுவான். நான் எடுக்கவில்லையா?

பில் மட்டும்தான் போனது என்பதால் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அதற்கு முந்தின வருஷம், 2008 ஜூலை 26. ஆமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் டிவி சேனல்களுக்கு மிரட்டல் ஈமெயில் போனது. போலீஸ் தேடிப் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட். ஈமெயில் அவருடைய இணைப்பிலிருந்து போயிருக்கிறது. அனுப்பியது அவரில்லை. பூட்டாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர் மீது சந்தேகம், விசாரணை, பத்திரிகைகளில் பெயர், படம். அதற்கடுத்த மாதங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும் ஒரு கம்பெனியின் வைஃபையும் இதே மாதிரி பயன்பட்டன. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டாத வைஃபையைத் தேடியது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை வழியாக யார் வருகிறார்கள் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்று இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது.

அதே வருஷம் தீபாவளிக்குத்தான் நான் ஜலகண்டாபுரத்தில் பூட்டைக் கழற்றினேன். செய்தியைப் படித்தவன், பத்திரிகையில் வேலை பார்ப்பவன். இணைப்பு மச்சான் பெயரில். ஏதாவது நடந்திருந்தால் போலீஸ் என் வீட்டுக் கதவையோ, அடாப்டர் செய்தவன் கதவையோ தட்டியிருக்காது. எட்டுத் தறிக்காரர் கதவைத்தான். அவருக்கு வைஃபை என்பது மூன்று விளக்கு எரிகிற பெட்டி. அந்தக் காகிதம் எழுதியவர் அவரை ஒரு விநாடியாவது நினைத்துப் பார்த்திருப்பாரா?

அந்த எழுத்துப் பொறுக்குகிற கொடுமைக்கு வருகிறேன். டபிள்யு.பி.ஏ. பாஸ்வேர்டு எட்டிலிருந்து அறுபத்து மூன்று எழுத்து வரை வைக்கலாம். கேம் கைப்பிடியால் அறுபத்து மூன்று எழுத்தை அடிக்கிறவன் சித்தர். மற்றவர்கள் 12345678 வைப்பார்கள். இதற்குத் தீர்வாக 2007 வாக்கில் ஒன்று வந்தது, டபிள்யு.பி.எஸ். ரவுட்டரில் ஒரு பட்டனை அழுத்து, அல்லது எட்டு இலக்க எண்ணைப் போடு, வேலை முடிந்தது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியங்கள், பலம்தானே? 2011 டிசம்பரில் ஆஸ்திரிய மாணவர் ஸ்டெஃபான் ஃபீபக் அதைப் பிரித்துக் காட்டினார். ரவுட்டர் முதல் நாலு இலக்கத்தைத் தனியாகச் சரிபார்த்து, தப்பென்றால் அங்கேயே சொல்லிவிடுகிறது. மீதி நாலில் கடைசி இலக்கம் வெறும் கூட்டல் சரிபார்ப்பு. ஆக, பத்தாயிரம், அப்புறம் ஓர் ஆயிரம். பதினோராயிரம் தடவை முயன்றால் திறந்துவிடும். பத்துக் கோடி என்று விலைச்சீட்டு ஒட்டி, உள்ளே பதினோராயிரம் வைத்திருந்தார்கள். துணிக்கடையில் இப்படி மீட்டர் அளந்தால் மச்சான் விட்டிருப்பாரா?

இன்னொன்று, ரவுட்டருக்கே உள்ளே போகிற பாஸ்வேர்டு. 'அட்மின்', 'அட்மின்'. 2016-ல் மிராய் என்ற கிருமி உலகமெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து அடியாள் படை திரட்டியது. அதன் கையில் இருந்த ஆயுதம், கம்பெனிகள் வைத்தனுப்பிய அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளின் பட்டியல். எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் வியாபாரத்தில் புழங்கிய அமெரிக்க இளைஞர்கள். போட்டி சர்வர்களைச் சாய்ப்பதில் ஆரம்பித்த சண்டை. விளையாட்டு வினையாகும் என்று இதற்குத்தான் சொல்லிவைத்தார்களோ என்னவோ.

சரி, இன்றைக்கு? புது கன்சோல்களில் வைஃபை உள்ளேயே வருகிறது, நல்ல பூட்டுகளும் தெரியும். இந்த அடாப்டர் சங்கதி பழைய கன்சோலை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தெரிந்தவரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்குத்தான். இன்னும் நிறையப் பேர் வாங்குகிறார்கள், கடிதம் வருகிறது. அவர்களுக்குச் சொல்கிறேன். முதலில், மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். டி.எஸ்., வீ இரண்டுக்கும் நின்டெண்டோவின் ஆன்லைன் சேவை 2014 மே 20-ஓடு மூடியாயிற்று. எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை 2024 ஜூலையில் மூடியது. ஆளில்லாத ஊருக்கு எதற்கு அடாப்டர்?

ஆள் இருக்கிறார், விளையாடியே தீர வேண்டும் என்றால், ஒயர். பெயின்ட் போனால் போகட்டும், ஓரமாக ஆணியடித்து இழுங்கள். அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். ஒயர் முடியவே முடியாது என்றால் ஒரு சின்ன ரவுட்டரை வாங்கி, வைஃபையைப் பிடித்து ஒயரில் கொடுக்கிற மாதிரி அமைத்து, கன்சோலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பூட்டுச் சமாசாரத்தை அது பார்த்துக்கொள்ளும், கிழட்டு கன்சோலுக்கு எதுவும் புரிய வேண்டியதில்லை. பாஸ்வேர்டையும் போனிலேயே அடித்துவிடலாம். அடாப்டரையேதான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தால், விருந்தினர் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று ரவுட்டரில் இருக்கும். பொம்மைக்கு அதைக் கொடுங்கள். மற்றதெல்லாம் வேறு வாசல் வழியாகப் போகட்டும். அதுவும் டபிள்யு.பி.ஏ.2-க்குக் கீழே இறங்காமல். அடாப்டருக்கு அது புரியவில்லையா? திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரவுட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுவது, டபிள்யு.பி.எஸ்.ஸை அணைப்பது, இரண்டும் கன்சோலைத் தொடுவதற்கு முன்னால். மாட்டிய பிறகு என்று வைத்தீர்களானால் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்.

வைஃபையின் பெயரை மறைத்துவைத்தால் போதும் என்று சில பேர் சொல்வார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் திருடனுக்கு வீடு தெரியாது என்பது மாதிரி. விட்டுவிடுங்கள்.

போன பொங்கலுக்கு மறுபடி போயிருந்தேன். பையன் பெங்களூரில் வேலை, லீவில் வந்திருந்தான். அந்த கன்சோல் பரணில், அடாப்டர் அக்காவின் தையல் மிஷின் டிராயரில் பாபினோடு பாபினாகக் கிடக்கிறது. காகிதமும் அப்படியே இருக்கிறது, மூன்றாவது தீர்வு உட்பட. வீட்டில் இப்போது ஃபைபர். புது ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கர், வீட்டுக்கு வீடு வேறு வேறு பாஸ்வேர்டு, யாரும் ஊகிக்க முடியாத பன்னிரண்டு எழுத்து. கம்பெனிக்காரர்களுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டதே என்று சந்தோஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அதை எதுக்கு மாப்ள தலைகீழாக் கவுத்துப் பாக்கறீங்க? போட்டோ எடுத்து நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்புலயே போட்டு வெச்சிருக்கேன். வர்றவங்க போறவங்க எல்லாம் கேக்கறாங்கல்ல" என்றார் மச்சான்.

குரூப்பைத் திறந்து பார்த்தேன். அறுபத்து நாலு பேர். எதிர்வீட்டு மாடியில் அப்போது லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த இன்ஜினீயரிங் பையனும் அதில் இருக்கிறான். இடையில் சொந்தமாகிவிட்டானாம்.